மழையில்லாத எகிப்தில் நைல் வெள்ளம் எப்படிச் சோறு போட்டது?

கேள்வி இது: "மழையே பெய்யாத பாலைவன நாட்டில் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே அவ்வளவு பெரிய நாகரிகம் எப்படி வந்தது? நைலில் கால்வாய் வெட்டிப் பாசனத்தை நடத்துவதற்காகத்தான் பாரோக்களின் அரசே உருவானது என்று படித்தேன். அது சரியா?"

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். நைல் பள்ளத்தாக்கின் மேடு பள்ளமும் வெள்ளம் வரும் மாதமும் அப்படி அமைந்திருந்தன. அதனால் பெரிய அணையோ நெடுங்கால்வாயோ இல்லாமலே, ஊர்க்காரர்கள் கூடிக் கரை போட்டுப் பாசனம் செய்ய முடிந்தது. அரசு வளர்ந்தது தண்ணீரைப் பங்கிட்டு அல்ல. விளைந்த தானியத்தை அளந்து, சேர்த்து, படகில் ஏற்றிக்கொண்டு போய். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் எகிப்தின் தொடக்கம் புரியாமல் போகிறது.

அஸ்வானில் ஆண்டு மழை ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். கெய்ரோவில் 25 மில்லிமீட்டர் அளவு. கடலோர அலெக்சாந்திரியாவில்தான் 200 மில்லிமீட்டரைத் தொடும். மானாவாரி என்ற பேச்சுக்கே இடமில்லை. இருப்பது ஒரே ஆறு. அஸ்வானில் கிரானைட் பாறைகளுக்கு நடுவே கொந்தளித்து இறங்கும் நைல், அணைகள் வரும்வரை அங்கிருந்து கடல் வரை சுமார் 1,200 கிலோமீட்டர் தடையில்லாமல் ஓடியது. சரிவு கிலோமீட்டருக்கு 7 சென்டிமீட்டரைச் சுற்றித்தான். இருபுறமும் செங்குத்தான பாறை விளிம்புகள். நடுவில் சில இடங்களில் 2 கிலோமீட்டர், சில இடங்களில் 20 கிலோமீட்டர் அகலத்துக்குக் கறுத்த வண்டல் நிலம். கெய்ரோவுக்கு வடக்கே ஆறு விசிறிபோலப் பிரிகிறது. பழங்காலத்தில் 7 கிளைகளைக் கணக்கிட்டார்கள். இன்று ரஷீத், தமியாத்தா என்ற இரண்டே கிளைகள்.

வரைபடம் பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். மேல் எகிப்து என்பது தெற்கு, கீழ் எகிப்து என்பது வடக்கு. ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதால் தெற்குதான் மேட்டுப்பக்கம். காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசும். ஆக, வடக்கே போகப் படகை ஓட்டத்தோடு விட்டுவிடலாம். தெற்கே போகப் பாயை விரித்தால் போதும். அவர்களுடைய சித்திர எழுத்திலேயே 'தெற்கே பயணம்' என்பதற்குப் பாய் விரித்த படகும், 'வடக்கே பயணம்' என்பதற்குப் பாய் இல்லாத படகும் வரும். இந்தக் காற்றை நினைவில் வையுங்கள்; அரசு உருவான கதைக்கு இது வேண்டும்.

வெள்ளம் எங்கிருந்து வந்தது? வெள்ளை நைல் ஆப்பிரிக்கப் பேரேரிகளிலிருந்து ஆண்டு முழுவதும் ஓரளவு சீராக வருகிறது. ஆறு கோடையில் வற்றாமல் இருப்பது அதனால். வெள்ளமும் வண்டலும் எத்தியோப்பிய மலைநாட்டின் சொத்து. அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை நீல நைல், அத்பரா என்ற இரு ஆறுகளின் வழியே எரிமலைப் பாறைத் தூளை அரித்துக்கொண்டு இறங்கும். அந்த மழை பெய்யும் மாதங்கள் நம் தென்மேற்குப் பருவமழையின் மாதங்களே. எல் நினோ ஆண்டுகளில் இந்திய மழையும் நைல் வெள்ளமும் சேர்ந்தே சுருங்குவது அடிக்கடி நடப்பது. அணைகள் வருவதற்கு முன் அஸ்வானில் ஜூனில் நீர் ஏறத் தொடங்கி, செப்டம்பர் தொடக்கத்தில் உச்சத்தைத் தொடும். கெய்ரோவில் உச்சம் செப்டம்பர் கடைசியில் அல்லது அக்டோபர் தொடக்கத்தில். முதலில் பாசி கலந்த பச்சைத் தண்ணீர், பிறகுதான் செந்நிற வண்டல் தண்ணீர். ஆண்டுக்கு 10 கோடி டன்னுக்கு மேல் வண்டல் இப்படி வந்தது.

இனி முக்கியமான இடம். ஆற்றுச் சமவெளி என்றால் கரையோரம் தாழ்வாகவும், தள்ளிப் போகப் போக மேடாகவும் இருக்கும் என்றே நாம் நினைப்போம். நைல் படுகை நேர்மாறு. வெள்ளம் கரையைத் தாண்டியதும் வேகம் குறையும். கனமான மணலும் பருத்த வண்டலும் கரையோரமே படிந்துவிடும். நுண்ணிய களி மட்டும் தள்ளிப் போய்ப் படியும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படிப் படிந்ததில் ஆற்றோரம் மேடாகிவிட்டது. பாலைவன விளிம்பை ஒட்டிய பகுதி தாழ்ந்துவிட்டது. வீடுகளும் ஊர்களும் ஆற்றோர மேட்டில். வயல்கள் அதற்குப் பின்னால் உள்ள தாழ்வில். கரையில் ஒரு வெட்டு வெட்டினால் தண்ணீர் தானாகவே வயலுக்கு இறங்கும். இறைக்கவே வேண்டாம்.

எனவே அவர்கள் செய்த வேலை எளிது. தாழ்வான நிலத்துக்குக் குறுக்கே மண்கரை எழுப்பி, ஆற்றோர மேட்டுக்கும் பாலைவன விளிம்புக்கும் இடையே பெரிய தொட்டிகளாகத் தடுத்தார்கள். வரப்பு கட்டிய பாத்தி என்றே சொல்லலாம், ஒரு பாத்தி பல நூறு ஏக்கர் இருக்கும் என்பதுதான் வேறுபாடு. கீழே தரும் நாள் கணக்கு, இந்த முறை மேல் எகிப்தில் இன்னும் நடந்துகொண்டிருந்த 19-ஆம் நூற்றாண்டில் அளந்து எழுதியவற்றிலிருந்து வருகிறது. பழைய சித்திரங்களும் பாப்பிரஸ் ஏடுகளும் சொல்லும் வேளாண் ஆண்டு இதோடு பொருந்துகிறது.

ஆகஸ்ட் நடுவில், ஆறு போதுமான உயரம் ஏறியதும், கரையை வெட்டித் திறப்பார்கள். தண்ணீர் 1 முதல் 2 மீட்டர் ஆழத்துக்குத் தேங்கும். உடனே வடிக்கமாட்டார்கள்; 40 முதல் 60 நாள் அப்படியே நிற்க வேண்டும். அந்த நாட்களில் மூன்று காரியம் நடக்கிறது. வண்டல் அடியில் படிகிறது. வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த களிமண், வெடிப்புகள் வழியே ஆழம் வரை தண்ணீரைக் குடித்துக்கொள்கிறது. அறுவடை வரை பயிர் பிழைப்பது இந்த ஈரத்தில்தான், மறுபடி நீர் பாய்ச்சுவதே இல்லை. மூன்றாவதாக, மண்ணில் சேர்ந்த உப்பு கரைந்து இறங்குகிறது. அக்டோபரில் ஆறு தாழ்ந்ததும் கீழ்க்கரையைத் திறந்து, நீரை அடுத்த பாத்திக்கோ ஆற்றுக்கோ வடிப்பார்கள். உப்பும் அதோடு போய்விடும்.

தண்ணீர் வடிந்த பிறகு காத்திருக்க நேரம் இல்லை. சேறு இறுகுவதற்குள் விதையைத் தூவி, இலேசான மரக்கலப்பையால் ஒரு சால் ஓட்டி மூடுவார்கள். சேறு மிகவும் இளகலாக இருந்தால் ஏரே வேண்டாம். ஆட்டு மந்தையை ஓட்டி மிதிக்கவிட்டால் விதை அமுங்கிவிடும். எம்மர் என்ற பழைய கோதுமை, வாற்கோதுமை, ஆளி ஆகிய மூன்றும்தான் முதன்மைப் பயிர்கள். ஆளியை அரிவாளால் அறுக்காமல் வேரோடு பிடுங்குவார்கள். நார் முழு நீளமாகக் கிடைத்தால்தான் துணி நன்றாக வரும். வாற்கோதுமை மார்ச்சிலும், கோதுமை ஏப்ரலிலும் அறுவடை. எம்மருக்கு உமி கெட்டியாக ஒட்டியிருக்கும். போரடித்தால் மட்டும் பிரியாது, உரலில் குத்தி உமி நீக்கி, பிறகு கல்லில் அரைக்க வேண்டும். அரைக்கும் கல்லிலிருந்தும் காற்றிலிருந்தும் மணல் மாவில் சேரும். மம்மிகளின் பற்கள் ஏழை, அரசன் வேறுபாடில்லாமல் தேய்ந்து கிடப்பதற்கு அதுவே பெரிய காரணம்.

அறுவடை முடிந்து மே, ஜூனில் நிலம் வெடித்துக் காய்ந்து கிடக்கும்போது அடுத்த வெள்ளம் கிளம்பிவிடும். இந்த நேர ஒழுங்கின் அருமை மெசொப்பொத்தேமியாவோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். யூப்ரடிஸ், டைகிரிஸ் ஆறுகளில் பனி உருகி வெள்ளம் வருவது ஏப்ரல், மே மாதங்களில், அதாவது கதிர் முற்றி நிற்கும்போது. அங்கே வெள்ளத்தைத் தடுத்து வைத்து, விதைப்புக்காலத்தில் கால்வாய் வழியே தனியாக நீர் கொண்டுவர வேண்டும். வடிகால் சரியில்லாததால் உப்பு மேலேறி நிலம் களராகும். எகிப்தில் ஆண்டுதோறும் மண் கழுவப்பட்டது. ஒரே வயல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் விளைந்தது.

ஆனால் இதில் தவறக்கூடியவை நிறைய. வெள்ளம் குறைந்தால் மேட்டுப் பாத்திகளுக்குத் தண்ணீர் ஏறாது. அங்கே அந்த ஆண்டு விதைப்பே கிடையாது. வெள்ளம் மிஞ்சினால் மண்கரை உடைப்பெடுக்கும், பச்சை மண்கல்லால் கட்டிய வீடும் களஞ்சியமும் அடியிலிருந்து கரைந்து சரியும், விதைநெல் போலக் காத்துவைத்த விதைத் தானியம் நனைந்து போகும். மிஞ்சிய வெள்ளத்தின் மறைவான கெடுதல் தாமதம். நீர் 3 வாரம் பிந்தி வடிந்தால் விதைப்பு 3 வாரம் பிந்தும். பால் பிடிக்கும் பருவத்தில் வசந்தகால வெப்பக்காற்று அடித்துக் கதிரைச் சாவியாக்கிவிடும். மேல்பாத்திக்காரன் நேரத்துக்குத் திறந்துவிடாவிட்டால் கீழ்ப்பாத்திக்காரனுக்கும் இதே கதிதான். 'இறந்தோர் நூல்' எனப்படும் ஏட்டின் 125-ஆம் பகுதியில், இறந்தவர் தெய்வங்களின் முன் தாம் செய்யாத பாவங்களைப் பட்டியலிடுகிறார். அதில் நீர் பாய வேண்டிய காலத்தில் அதைத் தடுத்ததில்லை, ஓடும் நீருக்குக் குறுக்கே அணை போட்டதில்லை என்ற வரிகள் உண்டு. வாய்க்கால் சண்டை பார்த்தவர்களுக்கு அந்த வரிகள் ஏன் கொலைக்கும் களவுக்கும் பக்கத்தில் நிற்கின்றன என்று சொல்லவே வேண்டாம்.

வெள்ளத்தின் உயரத்தை முன்கூட்டி அறிவது அதனால்தான் உயிர்ப்பிரச்சினை. அஸ்வானில் உள்ள எலிபண்டைன் தீவு உட்படப் பல இடங்களில் ஆற்றுக்குள் இறங்கும் படிக்கட்டுச் சுவரில் முழக் கோடுகள் செதுக்கினார்கள். அரச முழம் 52.5 சென்டிமீட்டர் அளவு. 7 உள்ளங்கை அகலம், அதாவது 28 விரல். சிசிலித் தீவின் பலெர்மோவில் உள்ள எகிப்தியக் கல்வெட்டுத் துண்டு ஒன்று, முதல் அரச மரபிலிருந்தே ஒவ்வோர் ஆண்டின் வெள்ள உயரத்தையும் முழம், உள்ளங்கை, விரல் என்று குறித்திருக்கிறது. பிற்காலத்தில் ரோமானியரான பிளினி எழுதிய கணக்கு இன்னும் தெளிவு: 12 முழம் ஏறினால் பஞ்சம், 13 ஆனாலும் பசி, 14 மகிழ்ச்சி, 15 நிம்மதி, 16 பெருமகிழ்ச்சி. அதாவது 12-க்கும் 16-க்கும் இடையே உள்ள 2 மீட்டர் சொச்சத்தில் ஒரு நாட்டின் ஆண்டு தீர்மானமாகிறது. இந்த 16 முழம் என்பது வயலில் நின்ற நீரின் ஆழம் அல்ல, அளவுகோலின் அடியிலிருந்து ஆறு ஏறிய உயரம். பலர் இங்கே தவறுகிறார்கள்.

வெள்ளம் வடிந்தால் வயல் எல்லைகள் சேற்றில் மறைந்திருக்கும். 100 முழக் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளப்பவர்கள் வந்து நிலத்தைப் பிரித்துக் கொடுப்பார்கள். 100 முழம் நீளம், 100 முழம் அகலம் ஒரு 'செத்ஜாத்'. நம் கணக்கில் சுமார் 68 சென்ட். தீப்ஸ் நகரில் மென்னா என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் கதிர் முற்றிய வயலோரம் கயிறு பிடித்து அளக்கும் காட்சி இன்றும் நிறம் மங்காமல் இருக்கிறது. அங்கே அளப்பது எல்லைக்காக அல்ல, அறுவடைக்கு முன் வரி மதிப்பிடுவதற்காக.

நாள்காட்டியும் இதே வாழ்க்கையிலிருந்து பிறந்ததுதான். வெள்ளக்காலம், முளைக்காலம், அறுவடைக்காலம் என்று நான்கு நான்கு மாதமாக மூன்று பருவம். மாதத்துக்கு 30 நாள். கடைசியில் 5 நாள் கூட்டி 365. மிகுநாள் ஆண்டு கிடையாது. அதனால் 4 ஆண்டுக்கு ஒரு நாள் நழுவி, சில நூற்றாண்டுகளில் 'வெள்ளக்காலம்' என்ற பெயர் கொண்ட மாதங்கள் வறண்ட கோடையில் வந்து நிற்கும். உழவன் பெயரைப் பார்க்கவில்லை. விடியலில் சீரியஸ் விண்மீன் மீண்டும் தோன்றுவதையும் ஆற்றின் நிறத்தையும்தான் பார்த்தான்.

இந்த வாழ்க்கை எப்போது தொடங்கியது? ஒரு காலத்தில் சகாரா புல்வெளி. தென்மேற்கு எகிப்தின் நப்தா பிளாயாவில் மாடு மேய்த்தவர்கள் பருவகால ஏரிக்கரையில் குடியிருந்தார்கள். மழைப்பட்டை தெற்கே நகர, மேய்ச்சல்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றை நோக்கி வந்தார்கள். கி.மு. 5000-ஐ ஒட்டி பையூம் ஏரிக்கரையில் வைக்கோல் பாய் விரித்த தானியக் குழிகள், கி.மு. 4400 அளவில் மேல் எகிப்தில் பதாரிப் பண்பாடு, கி.மு. 4000 முதல் நகாதா பண்பாடு. நெக்கென் என்ற ஊரில் பெரிய பியர் ஊறல் கூடங்களும் செல்வர் கல்லறைகளும் தோன்றுகின்றன. மேல் எகிப்தின் அபிதோசில் 'யூ-ஜே' எனப்படும் கல்லறையில், கி.மு. 3200-ஐ ஒட்டியோ அதற்குச் சற்று முன்போ, சிறிய தந்த வில்லைகளில் எண்களும் ஊர்ப்பெயர் போன்ற குறிகளும் கிடைத்தன. எகிப்தின் மிகப் பழைய எழுத்து சரக்குச் சீட்டாகத்தான் தொடங்குகிறது! கி.மு. 3100-ஐ ஒட்டி நார்மர் என்ற அரசர், ஒரு பக்கம் தெற்கின் வெள்ளை முடியோடும் மறுபக்கம் வடக்கின் சிவப்பு முடியோடும் ஒரே கற்பலகையில் தோன்றுகிறார்; இரு எகிப்தும் ஒரே கையில் வந்ததன் அடையாளம் அது.

கால்வாய்க்கும் அரசுக்கும் முடிச்சுப் போடுபவர்கள் காட்டும் சான்று, ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ள 'தேள் அரசன்' எனப்படும் பழைய மன்னனின் தண்டத்தலை, அதாவது கதாயுதத்தின் தலைக்கல். நெக்கெனில் கிடைத்த சுண்ணாம்புக்கல், 25 சென்டிமீட்டர் உயரம். வெள்ளை முடி அணிந்த அரசன் கையில் மண்வெட்டி. எதிரே குனிந்து கூடை ஏந்தும் ஓர் ஆள். காலடியில் நீரோட்டம், அதன் கரையில் வேலை செய்பவர்கள். அரசன் கால்வாய் திறக்கிறான் என்பர் சிலர். கோயிலுக்குக் கால்கோள் விழா என்பர் சிலர். கால்வாய் என்றே வைத்துக்கொண்டாலும், அது முதல் மண்ணை வெட்டும் சடங்கு. அதிலிருந்து நாடு தழுவிய நீர்த்துறை ஒன்று இருந்தது என்று முடிவுகட்ட முடியாது.

பிரமிடுகள் கட்டிய, 'பழைய அரசு' எனப்படும் காலத்து (கி.மு. 2700 முதல் 2200 அளவு) அதிகாரிகளின் பட்டங்கள் நூற்றுக்கணக்கில் கல்லறைகளில் பொறிக்கப்பட்டுள்ளன. களஞ்சியத்துக்கு மேலாளர், கருவூலத்துக்கு மேலாளர், அரசன் கட்டுமானப் பணிகளுக்கு மேலாளர் என்று வரிசையாக வரும். நாடு முழுவதற்கும் பாசனத்துக்கு மேலாளர் இல்லை. 'கால்வாய் வெட்டுபவர்' என்று வழக்கமாகப் பொருள் சொல்லும் 'அஜ்-மெர்' என்ற பட்டம் உண்டு. அதுவும் ஒரு வட்டாரத்துக்கு உரியது. இது இயல்பே. ஒரு பாத்தித் தொடரின் கரையைப் பேண அந்தத் தொடரில் உள்ள ஊர்கள் போதும். தெற்கே உள்ள ஓர் ஊருக்கு 600 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் தலைநகர் மெம்பிஸ் தலையிட வேண்டிய தேவையே இல்லை.

அரசின் தேவை வேறு. ஒரு வட்டாரத்தில் கரை உடைந்து விளைச்சல் போனால் பக்கத்து வட்டாரத்தில் விளைந்திருக்கும். தானியம் கனமான பொருள். கழுதையில் ஏற்றி எவ்வளவு தூரம் போக முடியும்? ஆனால் ஓட்டத்தோடு வடக்கே, பாயோடு தெற்கே என்று ஒரே ஆற்றில் இருபக்கமும் படகு ஓடும் நாட்டில், களஞ்சியமும் படகும் எவன் கையில் இருக்கிறதோ அவன் கையில் நாடு. நாணயம் இல்லாத காலம் அது. கூலியும் தானியமே, வரியும் தானியமே.

வெள்ளக்காலம் அரசுக்கு இன்னொரு வாய்ப்பு. வயலெல்லாம் நீர், உழவனுக்கு வேலை குறைவு, படகோ பாலைவன விளிம்பு வரை மிதந்து போகலாம். செங்கடற்கரை வாடி அல்-ஜர்பில் 2013-இல் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகள் இதைக் கண்ணெதிரே நிறுத்துகின்றன. மெரெர் என்ற அலுவலர், கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய கூபு அரசனின் கடைசி ஆண்டுகளில் எழுதிய அன்றாடக் குறிப்பு அது. சுமார் 40 பேர் கொண்ட தம் குழுவோடு தூரா என்ற கல்வெட்டுக்குழியில் சுண்ணாம்புக்கல் ஏற்றி, கால்வாய் வழியே கீசாவில் இறக்கி, 10 நாளைக்கு இரண்டு மூன்று நடை அடித்ததை நாள்வாரியாக எழுதிவைத்திருக்கிறார். பெரிய பிரமிட் எப்படிக் கட்டினார்கள் என்று எத்தனையோ கற்பனை ஓடுகிறது; கல் ஏற்றியவர் கையெழுத்தே இருக்கும்போது அதைப் படிப்பதுதான் முறை.

அரசு முயன்ற பெரிய அணை ஒன்று உண்டு. கெய்ரோவுக்குத் தெற்கே ஹெல்வானுக்கு அருகில், எப்போதாவது மழைவெள்ளம் பாயும் வறண்ட ஓடையில் கட்டிய சத் அல்-கபாரா. உயரம் 14 மீட்டர், நீளம் 113 மீட்டர். வேலை முடியும் முன்பே திடீர் வெள்ளம் நடுப்பகுதியை அடித்துப் போய்விட்டது; மிஞ்சிய நீரை வெளியேற்றும் கலிங்கு அதில் இல்லை.

களஞ்சியத்துக்கும் எல்லை இருந்தது. கி.மு. 2200-ஐ ஒட்டி எத்தியோப்பிய மழை பல ஆண்டுகள் தொடர்ந்து குறைந்த காலத்தில் பழைய அரசு சிதறியது. ஓராண்டு வெள்ளம் பொய்த்தால் சேமிப்பு தாங்கும். அடுத்தடுத்துப் பொய்த்தால் விதைத் தானியமே தீனியாகிவிடும், பிறகு நல்ல வெள்ளம் வந்தும் விதைக்க ஒன்றும் இராது. ஏற்றம் போன்ற 'ஷாதூப்' அப்போது அவர்களிடம் இல்லை. அது 'புதிய அரசு' எனப்படும், கி.மு. 1550-ஐ ஒட்டித் தொடங்கிய காலத்தில்தான் வந்தது, வந்தபோதும் தோட்டம் துரவுக்குத்தான் பயன்பட்டது.

கடைசியாக ஒன்று. எகிப்தியர் சாவையே நினைத்து வாழ்ந்தவர்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதற்கும் காரணம் இந்த வண்டல்தான். விளைநிலத்தை வீணாக்காமல் பிணத்தைப் பாலைவன விளிம்பில் புதைத்தார்கள். அங்கே ஈரம் இல்லை, எல்லாம் தங்கிவிட்டது. ஊர்களோ ஆற்றோரம். நூற்றாண்டுக்கு 10 சென்டிமீட்டர் அளவு வண்டல் ஏறியதில், முதல் மன்னர்கள் காலத்து ஊர்கள் இன்றைய வயலுக்கும் வீட்டுக்கும் கீழே சுமார் 5 மீட்டர் ஆழத்தில், நிலத்தடி நீரில் ஊறிக் கிடக்கின்றன. மெம்பிசிலும் கழிமுகத்திலும் தொல்லியலாளர்கள் கைத்துளைக் கருவியை மண்ணில் முறுக்கி இறக்கி, வெளியே வரும் களியில் பானை ஓட்டுச் சில்லும் கரித்துண்டும் தேடுகிறார்கள். அந்த உழவர்களின் வீடுகளைப் பற்றி நமக்குத் தெரிவதில் ஒரு பகுதி அப்படி அங்குலம் அங்குலமாக மேலே வந்ததுதான்.